வெயிலில் சுருண்டவருக்குத் தண்ணீர் ஊற்றப் பயம் ஏன்?

பல ஆண்டுகளுக்கு முன், நான் அறிவியல் ஆசிரியராக இருந்த ஒரு தமிழ்ப்பள்ளியில் விளையாட்டுப் போட்டிக்கான ஓட்டப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. காலை மணி பதினொன்று. முதல் நாள் இரவு பெய்த மழையின் ஈரம் திடலிலிருந்து ஆவியாக எழும்பிக்கொண்டிருந்தது. கடைசிச் சுற்றில் ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் தள்ளாடினான். எதிர்த்திசையில் நாலு எட்டு ஓடினான். பிறகு சுருண்டு விழுந்தான். தூக்கிக்கொண்டு போய் மரநிழலில் கிடத்தினோம். உடம்பு அனலாய்க் கொதித்தது. பெயரைக் கேட்டால் சம்பந்தமில்லாமல் ஏதோ உளறினான்.

திடலின் ஓரத்தில் பூச்செடிகளுக்கு நீர் பாய்ச்சும் ரப்பர் குழாய் கிடந்தது. அதை இழுத்துக்கொண்டு ஓடிவந்தேன். "வேணாம் சார், சூடான உடம்புல பச்சத் தண்ணி ஊத்தாதீங்க, ஜன்னி கண்டுடும்!" என்று சிற்றுண்டிச்சாலை அக்கா பதறினார். மூத்த ஆசிரியர் ஒருவரும் ஆமாம் என்று தலையசைத்தார். நான் குழாயைக் கீழே போட்டுவிட்டேன். நெற்றியில் ஈரக் கைக்குட்டை வைத்தோம். தைலம் தடவினோம். அட்டையால் விசிறினோம். மருத்துவ வண்டி வந்து சேர நாற்பது நிமிடம் ஆயிற்று.

பையன் பிழைத்தான். ஆனால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டுப் பல வாரம் மருத்துவமனையில் கிடந்தான். அன்று நான் தண்ணீர் ஊற்றியிருந்தால் எவ்வளவு மாறியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஊற்றாமல் விட்டதற்கு அறிவியலில் ஒரு காரணமும் இல்லை என்பது மட்டும் உறுதி. குழாய் என் கையில்தான் இருந்தது. அந்த நினைவு இன்னும் என்னை விடவில்லை.

நீர்ச் சிகிச்சை என்றதும் இன்று நம் கண்முன் வருவது வெந்நீர் ஊற்றும், ஸ்பாவும், பனிக்கட்டித் தொட்டியில் நடுங்கும் இளைஞர்களின் காணொளியும்தான். ஆனால் தண்ணீர் உண்மையிலேயே உயிர் காக்கும் மருந்தாக வேலை செய்யும் இடம் ஒன்று உண்டு. வெயிலில் விழுந்தவரின் உடம்பு அது. அங்கேதான் நாம் தண்ணீருக்குப் பயப்படுகிறோம். இந்தப் பயம் போக வேண்டும் என்பதே என் கருத்து.

உடம்பு என்னும் அடுப்பு

நம் உடம்பு ஓய்வாக இருக்கும்போதே ஏறக்குறைய 100 வாட் விளக்கு ஒன்று வெளியிடும் வெப்பத்தை உண்டாக்குகிறது. வேகமாக ஓடும்போதோ செம்பனைக் குலை வெட்டிச் சுமக்கும்போதோ அது பல மடங்கு ஏறும். கடுமையாக ஓடுபவருக்கு 1,000 வாட் வரைகூடப் போகும். 60 கிலோ எடையுள்ள ஒருவரின் உடல் வெப்பநிலை ஒரு டிகிரி ஏற ஏறத்தாழ 210 கிலோஜூல் வெப்பம் போதும். அப்படியானால், வெப்பம் வெளியேற வழியே இல்லாத நிலையில் ஓடிக்கொண்டிருந்தால் மூன்றரை நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் உடம்பு சூடாகும். 37 டிகிரியிலிருந்து 41 டிகிரிக்குப் போகக் கால் மணி நேரம் போதும்.

அப்படி ஆகாமல் காப்பது மூளையின் அடியில் இருக்கும் ஹைப்போதலாமஸ். அது தோலிலிருந்தும் இரத்தத்திலிருந்தும் செய்தி வாங்கி, சூடு கூடினால் தோலின் இரத்தக் குழாய்களை விரிக்கிறது, வியர்வைச் சுரப்பிகளைத் திறந்துவிடுகிறது. குளிர்ந்தால் குழாய்களைச் சுருக்குகிறது, தசைகளை நடுங்கவைத்து வெப்பம் உண்டாக்குகிறது.

தோலுக்கு வந்த வெப்பம் வெளியேற நான்கு வழிகள் உண்டு: கதிர்வீச்சு, நேரடித் தொடுகை, காற்றோட்டம், வியர்வை ஆவியாதல். சுற்றியுள்ள காற்று 35 டிகிரியைத் தொட்டுவிட்டால், அது நம் தோலின் வெப்பநிலைக்குச் சமம். முதல் மூன்று வழிகளும் ஏறக்குறைய அடைபட்டுவிடும். மிஞ்சுவது வியர்வை ஒன்றுதான். அது சாதாரண மருந்தல்ல. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் சுமார் 2,400 கிலோஜூல் வெப்பத்தைக் கொண்டுபோகும். ஆனால் ஆவியாக வேண்டும். சொட்டுச் சொட்டாகத் தரையில் விழும் வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. வெறும் நீரிழப்புதான் மிச்சம்.

நம் நாட்டின் சிக்கல் இங்கேதான் இருக்கிறது. காற்று ஏற்கெனவே ஈரம் குடித்திருக்கிறது. சட்டை நனைகிறது, உடம்பு குளிர்வதில்லை. ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவை ஈரக்குமிழ் வெப்பநிலை என்பார்கள். அது 35 டிகிரியைத் தாண்டினால் நிழலில் சும்மா உட்கார்ந்திருக்கும் நல்ல ஆரோக்கியமானவராலும் நெடுநேரம் தாங்க முடியாது என்பது கணக்கு. 2022இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இளம் வயதினரை வைத்துச் செய்த சோதனை, ஈரமான சூழலில் அந்த எல்லை ஏறக்குறைய 31 டிகிரியிலேயே வந்துவிடுகிறது என்று காட்டியது.

காய்ச்சல் வேறு, வெப்பத்தாக்கம் வேறு

அந்த அக்காவின் பயத்துக்குப் பின்னால் ஒரு குழப்பம் இருக்கிறது. சூடான உடம்பு என்றாலே நமக்குக் காய்ச்சல்தான் நினைவுக்கு வரும். இரண்டும் ஒன்றல்ல.

காய்ச்சலில் ஹைப்போதலாமஸே தன் இலக்கை உயர்த்திவைக்கிறது. கிருமி வந்துவிட்டது, 39 டிகிரி வேண்டும் என்று அது முடிவு செய்துவிட்டால், 37 டிகிரியில் இருக்கும் உடம்பு தனக்குக் குளிர்கிறது என்று எண்ணும். அதனால்தான் நடுக்கம், போர்வை. அப்போது குளிர்ந்த நீரால் துடைத்தால் உடம்பு எதிர்த்துப் போராடும், இன்னும் நடுங்கும், குழந்தை அழும். பிரிட்டிஷ் மருத்துவ வழிகாட்டுதல் காய்ச்சல் குழந்தைகளுக்கு வெதுவெதுப்பான நீரால் துடைப்பதைக்கூடப் பரிந்துரைப்பதில்லை. பாரசிட்டமால் வேலை செய்வது அந்த உயர்ந்த இலக்கைக் கீழே இறக்குவதன் மூலம்தான்.

வெப்பத்தாக்கத்தில் இலக்கு உயரவே இல்லை. 37 டிகிரிதான் வேண்டும் என்று மூளை கெஞ்சிக்கொண்டிருக்கிறது. வெப்பத்தை வெளியேற்ற வழியில்லாமல் உடம்பு 40 டிகிரியைத் தாண்டிவிடுகிறது. குடல், கல்லீரல், சிறுநீரகம், மூளை எல்லாம் சேதமடையத் தொடங்குகின்றன. இங்கே பாரசிட்டமால் பயன்படாது, கல்லீரலுக்குக் கூடுதல் சுமைதான். வேண்டியது ஒன்றே: உள்ளே தேங்கிய வெப்பத்தை வெளியே எடுப்பது.

வேடிக்கையைப் பாருங்கள். அதிகப் பயன் தராத இடத்தில், காய்ச்சல்காரரின் நெற்றியில், நாம் ஈரத்துணியை மாற்றி மாற்றி வைக்கிறோம். உயிரைக் காக்கும் இடத்தில் குழாயைக் கீழே போடுகிறோம்.

இந்தக் குழப்பம் நமக்கு மட்டும் உரியதல்ல. 1902இல் பம்பாயில் தம் பத்து வயது மகன் மணிலாலுக்கு டைபாய்டு கண்டபோது, காந்தியடிகள் ஜெர்மானியர் லூயி கூனேயின் முறைப்படி நீர்ச் சிகிச்சை செய்தார். காய்ச்சல் 104 பாரன்ஹீட்டைத் தொட்டபோது ஈரப் போர்வையால் மகனைச் சுற்றினார். மகன் தேறினான். தந்தையின் தவிப்பை நாம் மதிக்கலாம். ஆனால் டைபாய்டுக்கு இன்று நுண்ணுயிர்க்கொல்லி மருந்து இருக்கிறது, ஈரப் போர்வை அதற்கு மாற்றாகாது. நோய்க் கிருமிமேல் தண்ணீருக்கு அதிகாரம் இல்லை. வெப்பத்தின்மேல் உண்டு.

ஜன்னி வருமா?

"குளிர்ந்த நீர் பட்டால் தோலின் இரத்தக் குழாய் சுருங்கிவிடும், சூடு உள்ளேயே அடைபடும்" என்ற வாதத்தைப் படித்தவர்களிடமும் கேட்டிருக்கிறேன். இது பழைய வாதம். லிவர்பூல் மருத்துவர் ஜேம்ஸ் கர்ரி 1797இல் குளிர்நீர், வெந்நீர்ச் சிகிச்சை பற்றி ஒரு நூல் வெளியிட்டார். நோயாளிகளின் வெப்பநிலையை வெப்பமானியால் அளந்து எழுதிய முன்னோடி அவர். குளிர்நீரில் இறங்கியதும் இரத்தக் குழாய் சுருங்குவதும் நடுக்கம் எடுப்பதும் இன்றும் அவர் பெயரோடுதான் சேர்த்துப் பேசப்படுகின்றன. ஆனால் அது 37 டிகிரியில் இருக்கும் நல்ல உடம்புக்கு நடப்பது. 41 டிகிரியில் கொதிக்கும் உடம்பின் கதை வேறு. அதற்கும் பனிநீருக்கும் இடையே முப்பது டிகிரி வேறுபாடு இருக்கிறது. குழாய்கள் சற்றுச் சுருங்கினாலும் வெப்பம் பாய்ந்து வெளியேறும். நீர் காற்றைவிடச் சுமார் 24 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும் பொருள்.

கணக்கு மட்டுமல்ல, அனுபவமும் அதையே சொல்கிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பால்மத் என்ற கடலோர ஊரில் ஆண்டுதோறும் ஆகஸ்டு மாதத்தில் சாலை ஓட்டப் போட்டி நடக்கும். அங்கே முடிவுக்கோட்டின் அருகே பனிநீர்த் தொட்டிகளைத் தயாராக வைத்திருப்பார்கள். 18 ஆண்டுக்கால விவரங்களைத் தொகுத்து 2015இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. கடுமையான வெப்பத்தாக்கத்தோடு விழுந்த 274 பேரைத் தொட்டியில் இறக்கியிருக்கிறார்கள். 274 பேரும் பிழைத்தார்கள். ஜன்னி கண்டு ஒருவரும் சாகவில்லை.

பனிநீரில் அமிழ்த்தினால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 0.2 டிகிரி வீதம் உடல் குளிரும். 42 டிகிரியிலிருந்து 39க்கு இறங்கக் கால் மணி நேரம். நிழலில் படுக்கவைத்து விசிறினால் மட்டும் அதே இறக்கத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். விழுந்த அரை மணி நேரத்துக்குள் வெப்பத்தை இறக்கிவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம். அதனால்தான் விளையாட்டு மருத்துவர்கள் "முதலில் குளிர்வி, பிறகு கொண்டுபோ" என்கிறார்கள். வண்டிக்காகக் காத்திருக்கும் நாற்பது நிமிடம்தான் மருந்து கொடுக்க வேண்டிய நேரம். நாங்கள் அன்று வீணாக்கியது அதைத்தான்.

உலக அளவில் முதலுதவி வழிகாட்டுதலை வகுக்கும் குழு 2020இல் தெளிவாகச் சொன்னது: உடற்பயிற்சியால் வெப்பத்தாக்கம் கண்டவரைக் கழுத்து வரை 1 முதல் 26 டிகிரி வரையிலான நீரில் அமிழ்த்தி, உடலின் உள்வெப்பம் 39க்குக் கீழ் வரும்வரை வைத்திருக்க வேண்டும். நம் ஊர்க் குழாய்நீர் அந்த 26ஐவிடச் சற்றுச் சூடாகவே இருக்கும். ஆகவே ஐஸ் வேண்டும். எவ்வளவு? 100 லிட்டர் நீரை 29 டிகிரியிலிருந்து 15க்கு இறக்க ஏறக்குறைய 15 கிலோ ஐஸ் போதும். விளையாட்டு நாளன்று சிரப் தண்ணீருக்கு வாங்கும் மூட்டைகளில் ஒன்றுதான் அது. 60 கிலோ ஆள் அந்த நீரில் மூன்று டிகிரி குளிர்ந்தாலும் தண்ணீர் ஒன்றரை டிகிரி மட்டுமே சூடேறும்.

தொட்டி இல்லையா? கெமாவுக்குக் கட்டும் தார்ப்பாய் போதும். நாலு பேர் ஓரங்களைத் தூக்கிப் பிடித்து, நடுவில் ஆளைக் கிடத்தி, தண்ணீரும் ஐஸும் கொட்டி அலசிக்கொண்டே இருக்கலாம். அதுவும் இல்லையா? குழாய்நீரை உடம்பு முழுக்க விடாமல் ஊற்றி விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் ஐஸ் வையுங்கள். பனிநீரில் நனைத்த துண்டுகளை நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். வேகம் குறையும், ஆனாலும் கைக்குட்டையைவிட நூறு மடங்கு மேல்.

சில எச்சரிக்கைகளும் உண்டு. நினைவு தப்பியவரின் தலை நீருக்கு மேலே இருக்க வேண்டும். அக்குளுக்குக் கீழே துணி கொடுத்து ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். வாயில் தண்ணீர் புகட்டக் கூடாது. தெளிந்து பேசத் தொடங்கி, நடுக்கம் வந்தால் வெளியே எடுத்துவிடலாம். வீட்டுக்குள் புழுக்கத்தில் சோர்ந்துபோன முதியவரைத் தொட்டியில் இறக்க வேண்டாம். உடம்பு முழுக்க நீர் தெளித்து, காற்றாடியை நேரே வைத்து, ஐஸ் ஒத்தடம் கொடுங்கள். எல்லாவற்றுக்கும் முன், ஒருவரைத் தொலைபேசியில் உட்காரவையுங்கள். இங்கே 999, சிங்கப்பூரில் 995.

இன்னொரு தவறான நம்பிக்கையையும் விட்டுவிடுங்கள். வெப்பத்தாக்கம் என்றால் தோல் காய்ந்திருக்கும் என்று பழைய புத்தகங்கள் சொல்லும். ஓடி விழுந்தவர் வியர்வையில் நனைந்தே இருப்பார். பார்க்க வேண்டியது பேச்சை. வெயிலில் உழைத்தவர் தடுமாறினால், உளறினால், காரணமின்றிச் சீறினால், வலிப்பு கண்டால், அது வெப்பத்தாக்கம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

மற்ற நீர்ச் சிகிச்சைகள்

தண்ணீரைப் புகழ்கிறேன் என்பதற்காக அதன் பெயரால் விற்கப்படும் எல்லாவற்றையும் புகழவில்லை. வியர்வையில் 99 விழுக்காடு வெறும் நீர், மிச்சம் பெரும்பாலும் உப்பு. "நச்சை வியர்வையாக வெளியேற்றுகிறோம்" என்ற விளம்பரத்தை நம்ப வேண்டாம். நச்சை அகற்றும் வேலை கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் உரியது.

மூட்டுவலிக்காரர்களுக்கு வெதுவெதுப்பான குளத்தில் பயிற்சி உண்மையிலேயே உதவும். இடுப்பளவு நீரில் நின்றால் கால்கள் சுமப்பது உடல் எடையில் ஏறக்குறைய பாதிதான். ஆனால் சபாவின் போரிங்கிலோ பேராக்கின் சுங்கை கிளாவிலோ வெந்நீரில் கழுத்தளவு அமிழ்ந்திருக்கும்போது, நீருக்குள் வியர்வை ஆவியாகாது என்பதை மறக்காதீர்கள். வெப்பம் உள்ளே ஏறிக்கொண்டே போகும். நம் நாட்டில் 2019 சுகாதார ஆய்வின்படி பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு. காலில் உணர்ச்சி மங்கிய நீரிழிவுக்காரர் சூடு தெரியாமலே பாதத்தைப் பொசுக்கிக்கொள்வார். முதலில் முழங்கையால் சூட்டைப் பாருங்கள்.

பனித் தொட்டி மோகத்துக்கும் ஒரு வார்த்தை. நல்ல உடம்போடு இருப்பவர் திடீரெனப் பனிநீரில் இறங்கினால் மூச்சு இழுத்துக்கொள்ளும், இரத்த அழுத்தம் எகிறும். இதயக் கோளாறு உள்ளவருக்கு அது ஆபத்து. எடைப் பயிற்சிக்குப் பின் வழக்கமாகப் பனிநீரில் இறங்குவது தசை வளர்ச்சியைக் குறைக்கிறது என்றும் 2015இல் வந்த ஆய்வு காட்டியது. 37 டிகிரி உடம்புக்குப் பனித்தொட்டி ஒரு விருப்பம். 41 டிகிரி உடம்புக்கு அதுவே மருந்து.

என்ன செய்யலாம்?

முதலாவது, விளையாட்டுப் போட்டி நடத்தும் ஒவ்வொரு பள்ளியும் திடலோரம் ஒரு தொட்டியோ தார்ப்பாயோ, ஒரு மூட்டை ஐஸோ இல்லாமல் தொடக்கத் துப்பாக்கியைச் சுடக் கூடாது. பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கு இது பெரிய செலவல்ல. யார் தூக்குவது, யார் தொலைபேசியில் பேசுவது என்று முன்பே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். தைப்பூசத் தண்ணீர்ப் பந்தல்களுக்கும் இதையே சொல்வேன். காவடி எடுப்பவரின் காலில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுகிறோம். அவர் சுருண்டு விழுந்தால் உடம்பிலும் ஊற்றும் துணிவு வேண்டும்.

இரண்டாவது, நம் வெப்ப அலை எச்சரிக்கை அன்றைய உச்ச வெப்பநிலையை மட்டுமே பார்க்கிறது. தொடர்ந்து மூன்று நாள் 35 டிகிரியைத் தொட்டால்தான் முதல் கட்டம். ஆனால் மழைக்கு மறுநாள் 32 டிகிரியும் ஈரக் காற்றும் சேர்ந்தால் ஓடுகிறவனுக்கு ஆபத்து குறைந்துவிடாது. அன்று எங்கள் மாணவன் விழுந்தது அப்படி ஒரு நாளில்தான். ஈரப்பதம், வெயில், காற்று எல்லாவற்றையும் சேர்த்து அளக்கும் அளவீட்டை வைத்து சிங்கப்பூர் 2023 முதல் வெப்ப ஆலோசனை வெளியிடுகிறது. அந்த அளவு 32 டிகிரியை எட்டினால் வெளியில் கடும் வேலை செய்வோருக்கு மணிக்குக் குறைந்தது 10 நிமிட ஓய்வு கட்டாயம். செம்பனைத் தோட்டத்திலும் கட்டுமானத் தளத்திலும் உழைப்போருக்கு இங்கேயும் அது வேண்டும்.

மூன்றாவது, இது உங்களுக்கும் எனக்கும் உரியது. இந்தப் பக்கத்தை மடித்து வைக்காமல் வீட்டில் உள்ள பெரியவர்களுக்குப் படித்துக்காட்டுங்கள். அந்தச் சிற்றுண்டிச்சாலை அக்கா மீது எனக்குக் கோபமில்லை. பையன்மேல் உள்ள அக்கறையில்தான் அவர் தடுத்தார். தன் பாட்டியிடம் கேட்டதைச் சொன்னார். பிழை என்னுடையது. வெப்பம் சூடான பொருளிலிருந்து குளிர்ந்த பொருளுக்குப் பாயும் என்று வகுப்பில் கரும்பலகையில் எழுதிக் கற்பித்தவன் நான். திடலில் அதை மறந்துவிட்டேன்.

அடுத்த முறை உங்கள் கண்முன் யாராவது விழுந்தால், யாராவது தடுத்தாலும், குழாயைக் கீழே போடாதீர்கள்.